சனிக்கிழமை மாலை எதை நம்பிக் கிளம்புவது? சென்னைக் குடும்பங்களுக்கு நிகழ்ச்சிச் செய்தி தரும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒன்பது வயது மகளையும் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை எங்காவது போய்வரலாம் என்று முடிவு செய்தால், சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மார்கழியில் சபாக் கச்சேரிகள், பொங்கலையொட்டிப் புத்தகக் காட்சி, பங்குனியில் கபாலீசுவரர் கோயில் பெருவிழா, ஆகஸ்டில் சென்னை தினத்தையொட்டி நடக்கும் மரபு நடைகள், இவற்றுக்கு இடையில் கோட்டூர்புரம் நூலகத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் குழந்தைகளுக்கென நடப்பவை என ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. குறை நிகழ்ச்சிகளில் இல்லை; அவற்றைப் பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகளில் எதை நம்பலாம் என்பதில்தான் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இந்தச் செய்திகளைப் பல வழிகளில் பெற்று, சிலவற்றால் பயனடைந்து, சிலவற்றால் அலைந்து திரும்பிய அனுபவத்தில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

அலைந்த கதையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, உறவினர் குழு ஒன்றில் பொம்மலாட்ட நிகழ்ச்சிக்கான போஸ்டர் ஒன்று வந்தது. அழகான படம், மண்டபத்தின் பெயர், ‘இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணி, அனுமதி இலவசம், குழந்தைகளுடன் வருக’ என்ற வரிகள். மறுநாள் ஆட்டோ பிடித்து மூவரும் போய் இறங்கியபோது மண்டபத்தின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி எங்கள் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது போன வருஷம் நடந்துச்சும்மா, இதைக் காட்டிட்டு இன்னிக்கு நாலு குடும்பம் வந்துட்டுப் போயிடுச்சு” என்றார். நிகழ்ச்சியை நடத்தியவர்கள் போஸ்டரைப் பொய்யாக அச்சிடவில்லை. அனுப்பிய உறவினருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தேதியும் ஆண்டும் இல்லாத ஒரு படம் ஓராண்டு முழுவதும் கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் மகள் திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்துதான், செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்த பிறகே அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

நம்பகத்தன்மையை எதைக் கொண்டு அளப்பது? தேதி சரியா, இடம் சரியா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: நிகழ்ச்சி ரத்தானால், நேரம் மாறினால், இடம் மாறினால், அதை இந்த வழி எனக்குச் சொல்லுமா? இந்த ஊரைப் பொறுத்தவரை இது சிறிய கேள்வி அன்று. வடகிழக்குப் பருவமழை வலுவாக இருக்கும் மாதங்களும் ஊரில் நிகழ்ச்சிகள் குவியும் மாதங்களும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நகரை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2024 ஜனவரியில் மழையால் புத்தகக் காட்சிக்கே ஒரு நாள் விடுமுறை விட நேர்ந்தது. இப்படிப்பட்ட நாளில், நிகழ்ச்சி உண்டு என்று சொன்ன பத்து வழிகளில் எத்தனை வழிகள் ‘இன்று இல்லை’ என்றும் சொல்லின என்று எண்ணிப் பார்த்தால், எதை நம்பலாம் என்பது ஏறக்குறைய தானாகவே தெளிந்துவிடும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வாட்ஸ்அப் ஃபார்வர்ட் கடைசி இடத்தில் நிற்கிறது. அழைப்புக்கு வேகம் உண்டு, திருத்தத்துக்கு இல்லை. ஒரு போஸ்டர் ஐம்பது குழுக்களுக்குப் போனால், ‘தள்ளி வைக்கப்பட்டது’ என்ற செய்தி ஐந்து குழுக்களுக்குக்கூடப் போவதில்லை. அழகான படத்தை அனுப்பத் தோன்றும் கை, அந்த ஒற்றை வரியை அனுப்ப நீள்வதில்லை. ஆயினும் வாட்ஸ்அப்பை ஒரேயடியாக ஒதுக்குவது சரியன்று என்றே நினைக்கிறேன். யாரோ அனுப்பியதை யாரோ அனுப்புவது வேறு. எங்கள் குடியிருப்போர் சங்கக் குழுவில், கீழ்த்தளத்து மாமி ‘நானும் பேத்தியும் போகிறோம், முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதுவது வேறு. முன்னதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. பின்னதில் எழுதியவரின் வீட்டு எண் நமக்குத் தெரியும். தவறாக இருந்தால் மறுநாள் லிஃப்டில் முகம் பார்த்தாக வேண்டும்.

ஃபார்வர்ட் படத்தைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். தேதியும் கிழமையும் இரண்டும் இருந்தால் நாள்காட்டியில் பொருத்திப் பாருங்கள். ஒரே தேதி அதே கிழமையில் மீண்டும் வருவதற்குப் பெரும்பாலும் 5, 6 அல்லது 11 ஆண்டுகள் ஆகும் என்பதால், பொருந்தவில்லை என்றால் அது பழைய போஸ்டர் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். கிழமை மட்டும் இருந்து தேதியே இல்லை என்றால், எங்கள் பொம்மலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில செய்திகளை நிகழ்ச்சியின் இயல்பைக் கொண்டே சோதித்துவிடலாம். சென்னைக் கடற்கரைக்கு ஜனவரியிலிருந்து முட்டையிட வரும் பங்குனி ஆமைகளை எடுத்துக்கொள்வோம். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவுகளில் கடற்கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து வருகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைக் காட்சிக்குக் குழந்தைகளிடம் இருக்கும் ஆவலைச் சொல்லி முடியாது. ஆனால் முட்டைகள் பொரிவதற்கு ஏறத்தாழ 45 முதல் 60 நாள் வரை ஆகும். மணலின் வெப்பத்தைப் பொறுத்து அது முன்பின் ஆகும். ஆகவே ‘அடுத்த ஞாயிறு மாலை 5.30 மணிக்கு ஆமைக்குஞ்சுகள் விடப்படும்’ என்று பத்து நாளுக்கு முன்பே அடித்துச் சொல்லும் எந்தச் செய்தியையும் நம்பிக் கிளம்பக் கூடாது. அந்தப் பணியைச் செய்பவர்களே அன்றன்றைக்குத்தான் சொல்ல முடியும். அவர்களின் அறிவிப்பை அன்று பிற்பகல் பார்த்துவிட்டுப் போவதே முறை.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு நேர் எதிர்முனையில் இருப்பவை பகுதி வார இதழ்கள். மயிலாப்பூரில் 1994 முதல் வரும் மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு, அண்ணாநகர், மாம்பலம் பகுதிகளுக்கான இதழ்கள் ஆகியவை இலவசமாக வீட்டு வாசலுக்கு வருபவை. விளம்பர வருமானத்தில் ஓடுபவை என்பதால் ‘இலவச இதழ்தானே’ என்று மடித்துப்போடுபவர்கள் உண்டு. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். நிகழ்ச்சிச் செய்தியைப் பொறுத்தவரை அது தவறான மதிப்பீடு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இந்த இதழ்களின் வாசகர்கள் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுபவர்கள். பூங்காவில் நடக்கும் கோலப்போட்டிக்கு நேரத்தைத் தவறாகப் போட்டால், அதைப் படித்து ஏமாந்தவர் மறுநாளே அந்த இதழைத் தொடர்புகொண்டு கேட்கும் தூரத்தில் இருப்பவர். பெரிய நாளிதழ்கள் ஒருபோதும் தொடாத அளவிலான செய்திகள், அதாவது ஒரு தெருவின் கொலு, ஒரு பள்ளியின் கண்காட்சி, நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிறு காலை சிறுவர்கள் பாடும் கச்சேரி போன்றவை, இங்கேதான் கிடைக்கின்றன. குழந்தையோடும் முதியவரோடும் போகிறவர்களுக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்துக்குள் அடையக்கூடிய நிகழ்ச்சிதான் வேண்டியது என்பதால், இந்தச் சிறிய வட்டமே இவற்றின் பெரிய பலம்.

குறைகளும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அச்சாவதால், இதழ் வந்த பிறகு நேரும் மாற்றத்தைத் தாளில் சொல்ல வழியில்லை. இணையப் பக்கத்தைத் தனியே பார்க்க வேண்டும். இன்னொன்று எனக்கு உண்மையாகவே மனக்குறை தருவது: இவை ஆங்கிலத்தில் வருகின்றன. எங்கள் வீட்டில் நிகழ்ச்சிகளுக்குப் போக அதிக ஆசையும் அதிக ஓய்வும் உள்ளவர் என் மாமியார். அவர் தமிழ் மட்டுமே படிப்பவர். இந்த அளவுக்குத் தெருத்தெருவாகச் செய்தி சொல்லும் தமிழ் வார இதழ் ஒன்று எங்கள் வாசலுக்கு இதுவரை வந்ததில்லை. அதனால் சனிக்கிழமை காலைக் காப்பிக்குப் பிறகு நிகழ்ச்சிப் பகுதியை மகள் அவருக்குத் தமிழில் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

தமிழ் நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. சொற்பொழிவு, கதாகாலட்சேபம், நூல் வெளியீடு, கண்காட்சி ஆகியவற்றுக்கு அது நல்ல துணை. அன்றைய காலையில் அன்றைய நிகழ்ச்சியைச் சொல்வதால் பழைய செய்தி புகுந்துவிடும் அபாயம் குறைவு. ஆனால் இடம் சுருக்கம். குழந்தைகளுக்கு ஏற்றதா, கட்டணம் உண்டா என்பதெல்லாம் இரண்டு வரியில் அடங்காது.

அடுத்தது, நிகழ்ச்சியை நடத்துபவர்களின் சொந்த அறிவிப்பு. சபாவின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல், கோயில் அடித்துத் தரும் விழாப் பத்திரிகை, நூலகத்தின் அறிவிப்புப் பலகை, புத்தகக் காட்சியை நடத்தும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசியின் அறிவிப்பு எல்லாம் இதில் சேரும். இதன் அருமையை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று பல இடங்களில் பேச்சு அடிபட்டது. திருக்கணிதம், வாக்கியம் என்ற இரண்டு பஞ்சாங்கக் கணக்குகளில் திருக்கணிதப்படி அது சரியான தேதிதான். திருநள்ளாறு கோயிலோ வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது; தங்கள் வழக்கப்படி சனிப்பெயர்ச்சி விழா 2026இல்தான் என்று கோயில் நிர்வாகம் தெளிவாக அறிவித்தது. பேச்சை மட்டும் நம்பி, குழந்தைகளையும் பெரியவர்களையும் காரைக்கால் வரை அழைத்துச் சென்றவர்களுக்கு, எதிர்பார்த்த பெயர்ச்சி விழா அங்கே இருந்திருக்காது. இரண்டு தேதிகளுமே பொய்யல்ல. ஆனால் கதவைத் திறந்து விழாவை நடத்துபவர் எந்தக் கணக்கை வைத்திருக்கிறார் என்பதை அவர் மட்டுமே சொல்ல முடியும். கைப்பேசி நாள்காட்டியில் ஒரு நாள், கோயில் பத்திரிகையில் மறுநாள் என்று இருந்தால், தயங்காமல் பத்திரிகையின் பக்கம் நிற்க வேண்டும்.

விடுமுறை விஷயத்திலும் இதே நிலைதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது ஊரறிந்தது. பொங்கல் போன்ற தொடர் விடுமுறையில் செவ்வாய் வந்தால் பூங்காவைத் திறந்து வைப்பதும் உண்டு. விதியைப் பொதுவான சுற்றுலாத் தளங்கள் சொல்லிவிடும். விதிவிலக்கை அந்தந்த நிர்வாகம்தான் சொல்லும். கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கில் தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் தனித்தனி நேரம் என்பதையும் நடத்துபவரின் அட்டவணையில் பார்க்காமல் போனால், பாட்டிக்குப் புரியாத மொழியில் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வர நேரும்.

இந்த வழியிலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நடத்துபவர்களின் இணையப் பக்கங்கள் சில, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டன என்றே தெரியாத நிலையில் இருக்கும். பக்கத்தின் மேல்வரியில் போன ஆண்டு நிகழ்ச்சி அறிவிப்பு அப்படியே நின்றால், அதன் கீழே உள்ள நேர அட்டவணையையும் நான் நம்புவதில்லை. எண்ணைத் தேடி ஒருமுறை பேசிவிடுவேன். எடுத்துப் பேசுபவரிடம் ‘நடக்குமா’ என்று மட்டும் கேட்டால் ‘நடக்கும்’ என்றுதான் பதில் வரும். ‘எத்தனை மணிக்குக் கதவு திறப்பீர்கள், பெரியவர்களுக்கு நாற்காலி உண்டா, எத்தனை படி ஏற வேண்டும்’ என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் பேசுகிறாரா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

நடத்துபவரைக் கேட்கலாம் என்றால், நடத்துபவர் ஒருவராக இல்லாதபோது என்ன செய்வது? சென்னை தினக் கொண்டாட்டம் அப்படிப்பட்டது. 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாளை நகரின் பிறந்தநாளாகக் கொண்டு, 2004 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் விழா இது. மரபு நடை ஒருவர் நடத்துவார், பழைய புகைப்படக் கண்காட்சி இன்னொருவர் வைப்பார், பள்ளிகளுக்கான வினாடி வினா வேறொருவருடையது. அந்த வாரத்தில் எல்லாவற்றையும் திரட்டித் தரும் பட்டியல்தான் கைகொடுக்கும்; பகுதி இதழ்களும் விழாவுக்கான இணையப் பக்கமும் அதைச் செய்கின்றன. பட்டியலில் தேர்ந்தெடுத்து, அதில் தரப்பட்டுள்ள நடத்துபவரிடம் உறுதி செய்துகொள்வது என்ற இரண்டு படிகளையும் இங்கே தவறவிடக் கூடாது. மரபு நடைகளில் இடம் குறைவு. பதிவு நிறைந்த பிறகும் அறிவிப்பு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டிக்கெட் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்டியவருக்கு மாற்றத்தைச் செய்தியாக அனுப்புவதால், என் அளவுகோலில் அவை நன்றாகவே தேறுகின்றன. ஆனால் கட்டணமில்லாத நிகழ்ச்சிகள் அவற்றின் கண்ணில் அதிகம் படுவதில்லை. மார்கழியில் பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகள் இலவசம் என்பதைச் செயலியை மட்டும் பார்ப்பவர் அறியவே மாட்டார். ‘வார இறுதியில் போக வேண்டிய பத்து இடங்கள்’ என்று காணொளி போடும் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பொறுத்தவரை, இடத்தைத் தெரிந்துகொள்ள உதவும் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். கட்டணம் பெற்றுக்கொண்டு செய்த விளம்பரமா, தானாகப் போய்ப் பார்த்ததா என்பது பார்ப்பவருக்குப் பல வேளைகளில் தெரிவதில்லை.

தேதி, நேரம், இடம் மூன்றும் சரியாக இருந்தும் ஒரு செய்தி குடும்பத்துக்குப் போதாமல் போகலாம் என்பதை 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சி மிகுந்த துயரத்தோடு காட்டியது. எந்த வழியில் கேட்டிருந்தாலும் அன்றைய தேதியும் நேரமும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் உச்சி வெயிலில், நிழலில்லாத மணலில், இலட்சக்கணக்கானோர் கூடிய இடத்தில், தண்ணீர் எங்கே கிடைக்கும், முடிந்ததும் எந்த வழியாக எப்படித் திரும்புவது என்பதற்கு விடை தெரியாமல் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் தவித்தன. பறக்கும் ரயில் நிலையங்கள் மக்கள் வெள்ளத்தில் திணறின. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, பெரிய கூட்டம் சேரும் எந்த நிகழ்ச்சியானாலும், நேரத்தை விசாரிப்பதற்கு முன் திரும்பும் வழியை விசாரிக்கிறேன்.

இந்த ஒரு விஷயத்தில், கடைசியில் வைத்த வாட்ஸ்அப் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவுக்குக் கோயில் பத்திரிகை நேரத்தைத் தரும்; மாட வீதியில் எந்த முனையில் நெரிசல் குறைவு, எந்த வீட்டுத் திண்ணையில் பெரியவர்களை உட்கார வைக்கலாம், எந்த மூலையில் மோர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்பதை, ஆண்டுதோறும் அங்கே நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்வார். முகம் தெரிந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் மட்டும் உள்ள சிறிய குழு ஒன்றை நாங்கள் தனியாக வைத்திருக்கிறோம். அதில் போஸ்டர் அனுப்பக் கூடாது. போய் வந்தவர் தாம் பார்த்ததை எழுதலாம், போகிறவர் கேள்வி கேட்கலாம். ‘கழிப்பறை இருக்கிறது, ஆனால் கண்காட்சி வாசலிலிருந்து தொலைவு’ என்ற வகைச் செய்திக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என்ன நடக்கிறது என்று அறிய நான் பகுதி வார இதழைத்தான் எடுப்பேன். கிளம்பும் நாளன்று நடத்துபவரின் அறிவிப்பைப் பார்க்காமல் கதவைப் பூட்ட மாட்டேன். இரண்டும் முரண்பட்டால் நடத்துபவரின் சொல்லுக்கே மதிப்பு.

சென்ற பங்குனியில் எங்கள் தெருக்கோடிச் சிறு கோயிலுக்கு இப்படித்தான் கிளம்பினோம். சுவரில் ஒட்டியிருந்த விழாப் பத்திரிகையில் சுவாமி புறப்பாடு மாலை 6.30 என்று அச்சாகியிருந்த இடத்தின் மேல், விரல் அகல வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, நீல மையில் ‘7.15க்கு மேல்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. மாமியாரைத் திண்ணையில் உட்கார வைத்து, மகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். 7.20க்கு நாகஸ்வரம் கேட்டது.